பதில் வராத பதினோரு நிமிஷம்

இல்லைங்க நீதிபதி ஐயா, லைன்லதான் இருக்கேன். வலது கையைத் தூக்கச் சொன்னீங்கல்ல, அதான் போனை இடது கைக்கு மாத்தினேன். சமையலறையில தனியா நின்னு கையைத் தூக்கியிருக்கேன். கன்னியாஸ்திரீங்க ஸ்கூல்ல படிச்சவ, தூக்காம சத்தியம் பண்ண வராது.

டெல்ஃபின் ரோபிஷோ. ஹூமாதான் ஊரு. இறால் ஷெட்ல தலை கிள்ளுற வேலை. வக்கீலா? யாரும் இல்லைங்க, நானே பேசிக்கிறேன்.

சுருக்கமாவே சொல்றேன். நீங்களும் லூசியானாக்காரர்தானே, ஆகஸ்ட்ல இறால் எப்படிக் கொட்டும்னு தெரியும். கூடுதல் நேரம் நிக்க மாட்டேன்னா நாளைக்கு வராதேம்பாங்க. அந்த மாசம் பார்த்து காப்பீட்டு ஆபீஸ்ல சம்பளச் சீட்டு கேட்டாங்க. நானும் நல்ல பிள்ளையா அனுப்பினேன். வருமானம் கூடிப்போச்சு, இனி அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடையாதுன்னுட்டாங்க. இப்ப வந்து பாருங்க, வாரத்துல ரெண்டு நாள் வேலை கிடைச்சாப் பெருசு. ஷெட்ல கிண்டல் வேற. என்னடி டெல்ஃபின், பணக்காரியாயிட்டியாமே, எங்களுக்கு எப்ப விருந்துன்னு.

ஆமாங்க, வலிப்பு மாத்திரை. காப்பீடு இருந்த மூணு வருஷமும் ஒரு தடவைகூட வலிப்பு வரலை. நின்னதும் மருந்துக்கடைக்காரர் மூணு நாளைக்குக் கொடுத்தார், பாவம், அவரால அவ்வளவுதான் முடியும். மிச்சமிருந்ததைப் பாதி பாதியா உடைச்சுப் போட்டுக்கிட்டேன். இப்ப அதுவும் இல்லை.

போன விசாரணையா? அன்னைக்கு... சிக்னல் சரியில்லைங்க. காப்பீட்டை நிறுத்தினது தப்புன்னு நான் போட்ட கேஸை, ஆஜராகலைன்னு மூடிட்டீங்க. அதைத் திரும்பத் திறங்கன்னுதான் கேக்குறேன்.

ரிக்கார்டு ஆகியிருக்கா? லைன் கட்டாகவே இல்லையா? பதினோரு நிமிஷமும் நீங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்களா... ஓ.

சிக்னலால இல்லைங்க. குழந்தையைத் தூங்க வைக்க உள்ள போனேன். அதுல நேரம் ஆயிடுச்சு.

அழற சத்தமும் கேட்டுச்சா?

மன்னிச்சிடுங்க. சத்தியம் பண்ணிட்டு ரெண்டு பொய். அது ஒடெட். ஒண்ணரை வயசு. வீட்ல நானும் அவளும் மட்டும்தான்.

ஐயா, ஒண்ணு கேக்கலாமா? இங்க சொல்றது குழந்தைங்க நல ஆபீசுக்குப் போகுமா? இல்லைங்க, சும்மாதான் கேட்டேன். ஷெட்ல ஒருத்தி வீட்டுக்கு அந்த ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து, தாயே தடுமாறுறா, பிள்ளையை எப்படிப் பாத்துப்பான்னு சொல்லி அவ பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னும் அவ கைக்கு வரலை.

உறுதி சொல்ல முடியாதா? சரிங்க.

இல்லை, வைக்கலைங்க. இருக்கேன். யோசிச்சுக்கிட்டு இருந்தேன். மாத்திரை இல்லாம இன்னும் எத்தனை நாள் அவளைப் பாத்துக்க முடியும்னு.

எழுதிக்கோங்க. அன்னைக்கு போன் அடிச்சுது, எடுத்தேன். ஹலோ சொன்னேனான்னு ஞாபகம் இல்லை. கண் முழிச்சப்ப தரையில கிடந்தேன், நாக்கெல்லாம் ரத்தம். வலிப்புதான். ஒடெட் என் வயித்துமேல உக்காந்திருந்தா, போனைக் காதுல வச்சுக்கிட்டு. உங்க குரல் வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தா போல.

ஐயா, அந்த ரிக்கார்டு உங்க கையில இருக்குல்ல. அவ எத்தனை நிமிஷம் அழுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?