இரண்டாவது புட்டி

ஹெப்வொர்த் சோதனை அறையின் பயிற்சி சைக்கிளிலிருந்து சரிந்தபோது, நான் முதலில் கடிகாரத்தைத்தான் நிறுத்தினேன். இரண்டு நிமிடம், பத்து விநாடி. பிறகுதான் அவர் மார்பை அழுத்தினேன். பலனில்லை. மரண விசாரணை செய்யும் உங்களுக்கே தெரியும் ஐயா, குறிப்பு தவறக்கூடாது.

நெஞ்சுவலிக்குப் புது மாத்திரை. இதயத்தின் வேகத்தைக் குறைத்து வலியைத் தடுக்கும். அதைச் சோதிக்க, இந்த லீட்ஸ் நகரில் நாற்பது நோயாளிகள். ஒரு மாதம் மருந்து, ஒரு மாதம் வெறும் சுண்ணாம்பு மாத்திரை. எந்தப் புட்டியில் எது என்பது மருந்தாளர் பூட்டிவைத்த பட்டியலில் மட்டும் இருக்கும். நாடி பார்த்தால் டாக்டருக்குக் குட்டு உடைந்துவிடும். ஆகவே சிஸ்டர் மாவிஸ் திரைக்குப் பின்னால் நாடி பிடித்து, எழுதி, உறையிலிட்டு ஒட்டிவிடுவார். நான் யாருக்கும் நாடி பார்க்கக்கூடாது. அந்த விதியை எழுதியவனே நான்தான்.

ஹெப்வொர்த் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முதல் மாதம் ஒன்பது நிமிடம் மிதித்தார்.

"இவ்ளோ மிதிச்சும் வண்டி ஒரு இஞ்ச் நகரலையே டாக்டர். இதுக்கு டிக்கெட் கிழிச்சா ஜனங்க அடிக்க வருவாங்க."

மூன்று வருடமாக ஏற முடியாதிருந்த புறாக்கூண்டு ஏணியில் அந்த மாதம் ஏறிவிட்டாராம். பந்தயப் புறாக்கள்.

இரண்டாவது புட்டி தொடங்கிய நான்காம் நாள், சாம்பல் முகத்தோடு வந்தார்.

"பழைய மாத்திரையே குடுங்க டாக்டர். ரெண்டாவது படியிலேயே உக்காந்துட்டேன். புறாவெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது."

சிஸ்டர் மாவிஸ் என்னைத் தனியே அழைத்தார். "புட்டி மாத்துன கையோட ரெண்டு பேர் போய்ட்டாங்க டாக்டர். இவரை இன்னிக்கு சைக்கிள்ல ஏத்த வேணாமே."

"எந்தப் புட்டில என்னன்னு நமக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்?" என்றேன்.

மருந்தைத் திடீரென நிறுத்தினால் இதயம் முன்பைவிட மோசமாகத் துள்ளும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இறந்த இருவரும் சுண்ணாம்புக் கணக்கில் வருவார்கள். மருந்தின் பெருமை கூடும். இரண்டு மரணம் தற்செயல் என்பார்கள். மூன்று என்றால் லண்டன் மருத்துவர் கூட்டத்தில் மருந்தை எதிர்த்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. நான் மரியாதை தெரிந்தவன். வரும் ஒவ்வொருவரோடும் கைகுலுக்குவேன். குசலம் விசாரிக்கும் அந்த அரை நிமிடமும் என் இரண்டு விரல்கள் அவர் மணிக்கட்டில் இருக்கும்.

முதல் மாதம் ஹெப்வொர்த்துக்கு நாடி ஐம்பத்திரண்டு. அன்று நூற்றுப்பத்து. இறந்த இருவருக்கும் அப்படித்தான் ஏறியிருந்தது.

கையை விட்டேன். "ஏறுங்க" என்றேன்.