பூ முந்தி வந்த வெள்ளிக்கிழமை

எனக்குக் கருவாட்டுக் குழம்பு நன்றாக வைக்க வரும், டாக்டரம்மா. இந்த வேலூர் ஜெயில் குழம்பைக் குறை சொல்லவில்லை. கை சும்மா இருந்தால் எனக்கு ஆகாது. அதனால்தான் அடுப்படி வேலை கேட்டேன்.

ஏன் செய்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது முழுதாகக் கேளுங்கள்.

எங்கள் அப்பா முனிரத்தினம் குடியாத்தத்தில் தறி நெய்கிறவர். அம்மாவை அடிப்பார், என்னையும் அடிப்பார். அடி பெரிதில்லை. அது வருவதற்கு முந்தின நாட்கள்தான் தாங்காது. அப்பா பேச்சைக் குறைத்துக்கொள்வார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் அடுப்படி மூலையில் போய் ஒண்டிக்கொள்வேன். அடித்து முடித்தால் மறுநாள் மல்லிகைப்பூ வாங்கி வருவார். அப்புறம் கொஞ்ச நாள் வீடு வீடாக இருக்கும். அதனால், காத்திருக்க முடியாதபோது அம்மா வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போடுவாள். "வர்றது வந்துட்டா நிம்மதிடி" என்பாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பதினெட்டு வயதில் என்னை ஆம்பூரில் கன்னியப்பனுக்குக் கொடுத்தார்கள். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. அதிர்ந்து பேசமாட்டார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைப்பார். அதுதான் பயமாக இருந்தது. இவ்வளவு அடக்கி வைக்கிறவர் ஒருநாள் எப்படி அடிப்பார் என்று நினைத்தால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. பெருக்கிய இடத்தையே பெருக்குவேன். கதவைச் சாத்துவேன், திறப்பேன், மறுபடி சாத்துவேன்.

நானும் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தார். "நாள் பூரா உப்புத் தோலைப் பொரட்றவனுக்கு இது இன்னா ஜாஸ்தி" என்றார். அவருடைய நல்ல வேட்டியை அடுப்பில் போட்டேன். செத்துப்போன அவர் அம்மாவைத் திட்டினேன். முகம் வாடி வெளியே போனார். திரும்பி வந்து, உடம்பு சரியில்லையா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார். கையை மட்டும் தூக்கவில்லை. தையில் கல்யாணம்; சித்திரை முடிகிற வரைக்கும் இப்படியே போயிற்று.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகைக்காக ஷாப்பை மத்தியானமே மூடிவிட்டார்கள். சீக்கிரம் வந்தவர் கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் மல்லிகைப்பூ.

"தலைக்கு வச்சிக்கோ, சுந்தரி. ஒன் மூஞ்சி நல்லாவே இல்ல" என்றார்.

பூ வந்துவிட்டது, அடி இன்னும் வரவில்லை. சமாதானத்தை முன்கூட்டியே வாங்கி வருகிறவர் என்றால் அது எப்பேர்ப்பட்ட அடியாக இருக்கும்? நீங்களே சொல்லுங்கள். நான் அவசரப்படவில்லை. பொட்டலத்தை ஓரமாக வைத்தேன். அவர் கொல்லையில் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்த் தலையில் போட்டேன். உட்கார்ந்துவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி குழவியைத் தூக்கினேன். அப்போது அவரும் கையைத் தூக்கினார், என் முகத்துக்கு நேராக. அதற்குப் பிறகு போட்டதில்தான் உயிர் போயிற்று.

தடுக்கத்தான் தூக்கினான் என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். அவர் அடி வாங்கி வளர்ந்தவர் இல்லை போலிருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, டாக்டரம்மா? நான் நினைத்தது தப்பில்லை. கடைசியில் அவரும் கையை ஓங்கத்தான் செய்தார்.