அண்ணன் சாய்ந்து நின்ற மரம்

உங்கள் மேசையைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள் சார், ஆனால் இது மரமே இல்லை. மரத்தூளை அமுக்கி, மேலே மரம் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இதன் மேல் வைத்தா என் வாக்குமூலத்தை எழுதப் போகிறீர்கள் என்று கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

நான் பழைய மரத்தில் சுவர் அலங்காரம் செய்கிறவன். இடித்த வீட்டுக் கதவு, உடைந்த பெஞ்சு, எது கிடைத்தாலும் ஆணி பிடுங்கி, தேய்த்து, மெழுகு பூசிச் சுவரில் மாட்டிக் கொடுப்பேன். புதுவீடு கட்டுகிறவர்களுக்கு அது பழைய வீடு மாதிரி தெரிய வேண்டும் என்று இப்போது ஒரு ஆசை. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு சின்ன அட்டை வைப்பேன். இந்த மரம் எங்கே இருந்தது, யார் புழங்கியது என்று நாலு வரி. வாங்குகிறவர்கள் மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் படிப்பார்கள்.

மற்றவர்கள் புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்து, டீத்தண்ணீர் ஊற்றி, நெருப்பில் வாட்டி, நூறு வருஷத்து மரம் என்று காதில் பூச்சுற்றுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். என் அட்டையில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது. 'முப்பது வருஷம் ஒரு பெயிண்டர் ஏறி இறங்கிய ஏணி' என்று ஒருமுறை எழுதினேன். பிறகு யோசித்து 'இறங்கிய' என்பதை அடித்துவிட்டேன். நான் ஏணியை எடுத்து வரும்போது அவர் மேலேதான் இருந்தார்.

போன வருஷம் ஒரு பல் டாக்டரம்மா வந்தார். ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்ட ஆறடி நீளத்துக்குக் கேட்டார்.

"சும்மா பழைய மரம் வேண்டாங்க. ஒரு மனுஷர் கடைசி நாள் வரைக்கும் தொட்டுப் புழங்கின மரமா இருக்கணும். பார்த்தா மனசு கனக்கணும்."

எனக்கு உடனே அண்ணன் வீட்டு மாடி பால்கனிக் கைப்பிடி ஞாபகம் வந்தது. தேக்கு. ஐம்பது வருஷமாக அண்ணன் தினமும் காலையில் அதில் வயிற்றை முட்டுக்கொடுத்துக் குனிந்து நின்று, கேட்டுக்கு முன்னால் பைக் நிறுத்துகிறவர்களைத் திட்டுவார். அவர் சாயும் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். எந்த இயந்திரத்தாலும் அப்படித் தேய்க்க முடியாது. போய்க் கேட்டேன்.

"நான் இருக்கிற வரைக்கும் அந்த மரத்துல கை வைக்காதடா. போனப்புறம் கழட்டிக்கோ."

அண்ணன் மேல் எனக்கு உயிர். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை. அதனால் காத்திருந்தேன். பதினொரு மாதம். அண்ணனோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார், சர்க்கரைகூடக் கிடையாது. டாக்டரம்மா போன் மேல் போன். ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, விருந்துக்கும் எல்லோரையும் கூப்பிட்டாகிவிட்டது என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். என்னிடம் சாவி இருந்தது. போனேன். அண்ணன் மரத்தில்தான் கை வைக்கக் கூடாது என்றார். நான் மரத்தைத் தொடவில்லை. அதைப் பிடித்திருந்த நாலு போல்ட்டை மட்டும் கழற்றினேன். மரம் அதன் இடத்தில் சாதுவாக நின்றது.

மறுநாள் காலையில் யாரோ பைக்கை நிறுத்தினார்கள்.

பதினாறாம் நாள் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தப் பாழாப்போன கட்டை என் கண்ணு முன்னால இருக்க வேண்டாம் தம்பி. நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க." நானும் அழுதேன். அது நடிப்பில்லை. பிறகு அண்ணி சொன்னபடி எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அட்டையைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்துக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் திருப்தி. நீங்களும் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். பிறகு ஏன் நானாக வந்தேன் என்று பார்க்கிறீர்கள்.

அட்டையில் 'போல்ட்டுகள் துருப்பிடித்து விட்டுப்போனதால் அவர் விழுந்தார்' என்று எழுதியிருக்கிறேன் சார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதோ, நாலும் இங்கே இருக்கின்றன, பாருங்கள். ஒரு பொட்டுத் துரு இல்லை. நான்தான் கழற்றினேன், அவர் விழுவார் என்று தெரிந்துதான் கழற்றினேன். அப்படியே புது அட்டையும் எழுதி எடுத்து வந்திருக்கிறேன், அதை டாக்டரம்மா வீட்டில் வைத்துவிட்டால் என் மனது ஆறிவிடும்.

தடயம் என்று அந்த மரத்தையும் இங்கே கொண்டுவரச் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் பார்த்துக் கழற்றச் சொல்லுங்கள் சார். கீழே விழுந்தால் அடிபட்டுவிடும்.