சத்தம் போடுற தாங்கி

— சத்தமே வராதுன்னு சொல்றேன், அதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போடுறியே! இந்தா பாரு டெல்மார், முப்பது வருஷமா வில்லுக் கடை வச்சிருக்கேன். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல.

— அது வந்து, ஆர்டிஸ்... கொஞ்சமாவது சத்தம் வர்ற அம்புத் தாங்கி எதுவும் இருக்கா?

— நான் சொன்னது உனக்குப் புரியலையோ? மறுபடியும் சொல்றேன். நாணை இழுத்தா இந்தக் கவை எழுந்து நின்னு அம்பைத் தாங்கும். விட்டதும் படக்குன்னு கீழ விழுந்துடும். அம்போட இறகு எதுலயும் உரசாது. நேராப் போய்க் குத்தும்.

— நேராவா?

— பின்ன கோணலாவா?

— அது வந்து... விழ வேண்டிய நேரத்துல விழாம கொஞ்சம் யோசிச்சு விழுற மாதிரி?

— இந்தா பாரு, உனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?

— சரி, அந்த மூலையில கிடக்குதே, அது என்ன?

— அதையா? அது விழுறப்ப வில்லுல 'டக்'குனு மோதும். மான் காது சும்மா இருக்குமா? அம்பு போறதுக்குள்ள மான் பக்கத்து ஊருக்குப் போயிடும். வேணும்னா சொல்லு, மோதுற இடத்துல ஒரு கம்பளித் துண்டு ஒட்டித் தர்றேன்.

— ஒட்டாதீங்க! ஒட்டவே ஒட்டாதீங்க! அப்படியே குடுங்க. அழகா காகிதம் சுத்தி, மேல ரிப்பன் கட்டி.

— ரிப்பனா? டெல்மார், இது யாருக்கு?

— ...விர்ஜில் மச்சானுக்கு. பிறந்த நாள் வருதுல்ல.

— அடப்பாவி! ஊரே 'ஜட்ஜ்'னு கூப்பிடுற அந்த மானுக்காகத்தானே இவ்வளவும்?

— பின்ன என்ன ஆர்டிஸ்! பத்துக் கிளைக் கொம்பு. வேட்டைக்கு மரத்துமேல உக்காந்திருக்கிற நம்மள நிமிந்து பார்த்தான்னா, ஆயுள் தண்டனை குடுக்கிற மாதிரியே இருக்கும். மூணு வருஷமா நானும் குளிர்ல வெறச்சுப் போய்க் காத்துக் கிடக்கேன். இப்ப மச்சான் புது வில்லு வாங்கிட்டாரு. அவர் அடிச்சுட்டார்னா, ஆயுசு முழுக்க ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் விருந்துலயும் அதே கதைதான். வான்கோழியை வாயில வச்சுக்கிட்டு நான் 'ஆமா மச்சான், ஆமா மச்சான்'னு தலையாட்டணும்.

— அதுக்காக என் கடையில வந்து துரோகத்துக்கு ரிப்பன் கட்டச் சொல்றியா?

— பச்சை ரிப்பன் இருந்தா நல்லது.

— யாரோ வர்றாங்க, வாயை மூடு. அட, லோரீன்! வா, வா. என்ன இப்படி மூச்சு வாங்குது? பூட்ஸெல்லாம் சேறு?

— ஆர்டிஸ், தடிக் கயிறு இருக்கா? டேய் டெல்மார், நீயும் இங்கதான் இருக்கியா! நல்லதாப் போச்சு, வா, ஒரு கை பிடி.

— என்னக்கா ஆச்சு? மச்சானுக்கு ஏதாவது...?

— உன் மச்சான் வீட்டுல கால் நீட்டிப் படுத்திருக்காரு. நான்தான் பாலத்துக்கிட்ட வண்டி ஓட்டிட்டு வந்தேன். எங்கிருந்துதான் வந்துச்சோ, குறுக்க பாஞ்சிடுச்சு. முன் விளக்கு போச்சு. மான் அங்கேயே விழுந்துடுச்சு. தபால்கார ஹார்லன் வந்தாரு, ரெண்டு பேருமா வண்டிக்குப் பின்னாடி திறந்த தொட்டியில தூக்கிப் போட்டோம். என் இடுப்பே போச்சுடா, என்னா கனம்!

— எந்த மான்க்கா?

— எந்த மானா? டேய், இந்த ஊர்ல அப்படிக் கொம்பு எத்தனை மானுக்கு இருக்கு?

— ...ஜட்ஜா?

— ஜட்ஜேதான். டேய், என்னடா உக்காந்துட்டே? ஆர்டிஸ், இவன் அழுறானா?

— நான் ஒண்ணும் அழல. குளிர்ல மூக்கு ஒழுகுது, அவ்வளவுதான்.

— ஒரு மானுக்காகவா?

— மூணு வருஷமாக்கா. வேட்டை சீசன் வந்தா காலையில நான் முதல்ல பாக்குற மூஞ்சி அவன் மூஞ்சிதான். என் பொண்டாட்டி மூஞ்சியே அப்புறம்தான். போன வருஷம் ஒரு நாள் மூக்குமேல பனி விழ, என் மரத்துக்கு நேர் கீழ நின்னான். நான் தும்மிட்டேன். அவன் ஓடல தெரியுமா? நிமிந்து பார்த்தான். அப்புறம் மறுபடி மேய ஆரம்பிச்சுட்டான்.

— இந்தா பாரு லோரீன், ஒண்ணு கேக்குறேன். செத்துடுச்சுன்னு நல்லாப் பார்த்தியா?

— நாக்கு வெளிய தொங்குச்சு ஆர்டிஸ். காலைப் பிடிச்சு இழுத்தோம், சும்மாத்தான் இருந்துச்சு. ஏன்?

— அப்ப உன் வண்டியில எழுந்து நின்னு, கடைக் கண்ணாடி வழியா என்னையே முறைக்கிறது யாரு?

— ஐயையோ!

— யாரும் அசையாதீங்க. டெல்மார், எங்க போறே? கதவைத் திறக்காதே! அந்த வில்லை எதுக்கு எடுக்கிறே? ஊர் நடுவுல அம்பு விட்டா பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க!

— விடலை ஆர்டிஸ். சும்மா பார்க்கிறேன்.

— டேய், பத்தடி கூட இல்லடா!

— தெரியும்க்கா. பேசாம இரு... நிக்கிறான் பாரு. கால் ஒண்ணும் ஒடையல. நல்லாத்தான் இருக்கான். போடா. போயிடு.

— குதிச்சுட்டான்! பேங்க் வாசல்ல... ஐயோ, அந்தப் பாதிரியாரை இடிச்சுடப் போறான்!

— இடிக்கல. பாதிரியார்தான் புதருக்குள்ள பாஞ்சுட்டாரு. இந்தா, ஓடையைத் தாண்டிட்டான். போயிட்டான்.

— என் முன் விளக்கு போனதுதான் மிச்சம். டேய், வில்லைக் கீழ வையேன். அவன்தான் போயிட்டானே.

— ஆர்டிஸ்...

— சொல்லுப்பா.

— அந்த டக்குனு மோதுற தாங்கி. அதுல இன்னொண்ணு இருக்கா?

— இருக்கு. அது யாருக்கு?

— எனக்குத்தான்.