நெல்லுக்கு ஆள் தெரியும்

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் திருப்பதி வண்டி கிளம்பக் காத்திருந்தது.

"நெல்லுக்கு ஆள் தெரியுமா பாவா?"

எனக்குப் பின்சீட்டில் ஒரு பெண் கேட்டாள். திருப்பதி வழியாக ஹைதராபாத்துக்குத் திரும்பும் கணவனை வழியனுப்ப ஏறியவள். அவன் அங்கே நெல்லின் ஜீன்களை ஆராய்கிறவன் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

"தெரியும்மே. கிருமி வந்து தொட்டா, செல்லு மேல இருக்கிற புரதம் கண்டுபுடிச்சி உள்ளாற சேதி அனுப்பிடும். அந்தப் புரதத்துக்கான ஜீனுங்க பெரிய குடும்பம். ஒண்ணு விடாம கம்ப்யூட்டர்ல தேடிக்கினு இருக்கோம்."

"எப்போ முடியும்?"

"முடியறாப்பல இருக்கும், புதுசா ஒண்ணு வந்து நிக்கும்."

"போன தீபாவளிக்கும் இதத்தான் சொன்னீங்க."

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"அந்தக் குடும்பத்த எல்லாம் தேடறீங்க. நான் இங்க உங்க அம்மாகிட்ட உக்காந்து, உங்க சட்டைங்கள மடிச்சி மடிச்சி வெச்சிக்கினு கெடக்கறேன்."

"ஹாஸ்டல்ல உன்ன எப்பிடி வெச்சிக்கறது?"

"வெளிய ஒரு ரூம் எடுங்க. ஒரு ஸ்டவ் இருந்தா போதும் எனக்கு."

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார்.

"எறங்கும்மே," என்றான் அவன்.

அவள் எழுந்திருக்கவில்லை. வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. கண்டக்டர் அவர்கள் பக்கம் வந்து நின்றார்.

"திருப்பதி ரெண்டு குடுங்க," என்றான் அவன்.

"மாத்துப் புடவகூட எடுத்தாரல பாவா," என்றாள் அவள்.