கிராஸ் ஊரில் தலையில் வைத்த மல்லிகை

தோர்ண்டன் ஹீத் போகும் பஸ்ஸின் மேல்தட்டில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கண்ணாடியில் மழை மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

"தலையில பூ வைச்சதுக்கு எனக்கு வேலை போகப் பாத்தது," என்றார் மூத்தவர்.

"என்னக்கா, பகிடியோ?"

"இல்லையடி. பிரான்சில கிராஸ் எண்டு ஒரு ஊர். காலங்காலமா அந்த ஊருக்குச் சென்ட்தான் சீவியம். அங்கை எனக்குப் பூப் பறிக்கிற வேலை; விடியக்காலமையே மல்லிகை ஆய வேணும். ஒரு சின்னப் போத்தலுக்குக் கூடை கூடையாப் பூ போகும். முதல் நாள், பழக்கதோஷத்தில நாலு பூவைக் கோத்துத் தலையில வைச்சிட்டன். அங்கை அது களவு."

"ஐயோ, வேலை போனா விசாவும் போயிருக்குமே!"

"ஓம். கங்காணி மனுசி எனக்குப் பின்னால வந்து நிண்டா. 'உங்கட ஊரில இந்த வாசம் ஆருக்கு?' எண்டு கேட்டா. தெரிஞ்ச அரைகுறைப் பிரெஞ்சில, 'பின்னால வாற ஆக்களுக்கு' எண்டன்."

பஸ் ஒரு தரிப்பில் நின்று மறுபடி நகர்ந்தது.

"பிறகு? நிப்பாட்டிப்போட்டாவோ?"

"இல்லை. பூவைக் கழட்டவும் சொல்லேல்லை. பூக்காலம் முடியுமட்டும் ஒவ்வொரு விடியவும் அவ என்ரை பின்னாலதான் நிண்டு ஆய்ஞ்சவ."