நானே வாரண்டி

— புதுக் கார் வாங்க வந்தா, எனக்கு எதுக்கும்மா கூடுதல் வாரண்டி? நானே வாரண்டி. இதோ பக்கத்துல உக்காந்திருக்காளே என் சம்சாரம் தவமணி, இவளையே கேட்டுப் பாரு. எங்க பழைய காடியில என் ஸ்பேனர் தவிர அடுத்தவன் ஸ்பேனர் பட்டதே இல்ல.

— அதனாலதான் கேக்கறேன். நீ சொல்லும்மா கவிஷ்னா. இவர் பேசிக்கிட்டேதான் இருப்பார்.

— ஆன்ட்டி, புதுக் காடிக்குக் கம்பெனியே அஞ்சு வருஷம் வாரண்டி குடுக்குது. மேல கொஞ்சம் கட்டினா அது ஏழு வருஷம் ஆயிடும். அஞ்சு வருஷம் ஓடினப்புறம்தானே கியர்பாக்ஸ், ஏர்கான் எல்லாம் வேலையக் காட்டும்? அப்ப உங்க கைக்காசு போகாது.

— பாத்தியா மணி? அஞ்சு வருஷத்துல கெட்டுரும்னு விக்கிற பொண்ணே சொல்லுது. அப்புறம் என்னத்துக்கு வாங்கறோம்?

— கெட்டுரும்னு சொல்லல அங்கிள். ஒருவேளை...

— இந்தக் குணாளன் கைக்கு ஒருவேளை கிருவேளையெல்லாம் கிடையாதும்மா. தண்ணி இலாகாவுல வேலை செஞ்சு ரிட்டையர் ஆனவன் நான். பைப்புல காத வச்சாலே எங்க ஓட்டைன்னு சொல்லிருவேன். காடி மட்டும் என்ன? அதுவும் நாலு பைப்புதானே.

— அந்தக் காதுக்குத்தான், தெலுக் இந்தான் போற வழியெல்லாம் காடி கத்தினது கேக்கல.

— அது ரேடியோன்னு நினைச்சேன் மணி.

— ரேடியோவ நீங்க ரிப்பேர் பண்ணின அன்னிக்கே அது வாயை மூடிருச்சுங்க. என் தங்கச்சி மக கல்யாணம் கவிஷ்னா. பீடோர் தாண்டல, பொசுக்குன்னு நின்னுருச்சு. இவர் பட்டுச் சட்டையக் கழட்டி என் கையில குடுத்துட்டு அடியில பூந்துட்டார். நாங்க போய்ச் சேர்றப்போ மண்டபத்துல வாழைமரத்த அவுத்துக்கிட்டிருக்காங்க.

— சாப்பாடு எடுத்து வச்சிருந்தாங்கல்ல?

— வச்சிருந்தாங்க. பாத்திரம் கழுவறவங்களோட உக்காந்து சாப்பிட்டோம்.

— ஆனா நான்தானே சரி பண்ணிக் கொண்டுபோய்ச் சேத்தேன்? அதச் சொல்ல மாட்டா. இந்தக் காடி ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லம்மா.

— உங்களை விடல. பின்சீட்டுல இருந்த எங்களத்தான் நடுரோட்டுல விட்டுச்சு.

— ஆன்ட்டி, எங்கப்பாவும் இப்படித்தான். வீட்டுல மிக்சிய...

— கேளும்மா. இவர் ஒரு தடவை கழட்டி மாட்டினா கை நிறைய நட்டு மிஞ்சும். அத மிலோ டின்னுல போட்டு வைப்பார். அடுப்படியில இப்ப மிலோ எதுல இருக்கு, நட்டு எதுல இருக்குன்னு எனக்கே தெரியல.

— அதெல்லாம் கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டதும்மா. இல்லாமலும் ஓடிச்சுல்ல?

— ஹார்ன் அடிச்சா வைப்பர் ஆடிச்சு.

— மழையில அது வசதிதானே?

— அங்கிள், ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. இந்த வாரண்டி இருக்கற வரைக்கும் எங்க சர்விஸ் சென்டர் தவிர வெளியாள் யாரும் காடியக் கழட்டக்கூடாது. கழட்டினா வாரண்டி செல்லாது.

— ஆங்! வந்துச்சு பாரு வெளியில! கேட்டியா மணி? என் காடி, என் வீட்டு வாசல், என் ஸ்பேனர். ஆனா நான் தொடக்கூடாதாம். காசையும் குடுத்துட்டு கையையும் கட்டிக்கிட்டு நிக்கணுமாம். எந்திரி, போலாம். வாரண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— உக்காருங்க. கவிஷ்னா, கடைசியா என்னமோ சொன்னியே, அத இன்னொரு தடவை சொல்லு. மெதுவா.

— வெளியாள் கழட்டினா வாரண்டி செல்லாது ஆன்ட்டி.

— வீட்டுக்காரர் வெளியாளா?

— ஸ்பேனர எடுத்தா வெளியாள்தான் ஆன்ட்டி.

— சும்மா குடுக்கறதுல அது அஞ்சு வருஷம். காசு கட்டினா ஏழு வருஷமும் இவர் தொடக்கூடாது. அப்படித்தானே?

— அப்படித்தான் ஆன்ட்டி.

— பத்து வருஷத்துக்கு இல்லையா?

— அடிப்பாவி!

— இருக்கறதே ஏழுதான் ஆன்ட்டி.

— சரி, அதப் போடு.

— போடாத! ஏய் பொண்ணு, பேனாவக் கீழ வை. மணி, ஏழு வருஷம் நான் என்ன பண்ணுவேன், சொல்லு? நீ தையல் கடைக்குப் போயிருவே. வீட்டுல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வேலைதான். பேரன்கூட போன் பண்ணினா மொதல்ல "தாத்தா, காடி சரியாச்சா"ன்னுதான் கேக்கறான்.

— அவன் கேக்கறது கிண்டலுக்குங்க.

— தெரியும். ஆனா கேக்கறான்ல.

— அங்கிள், வைப்பருக்குத் தண்ணி ஊத்தலாம் நீங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது. டயருக்குக் காத்துகூட அடிக்கலாம்.

— இங்க என் மானம் போயிட்டிருக்கு, இந்தப் பொண்ணு காத்து அடிக்கச் சொல்லுது.

— என்னங்க, தீபாவளிக்கு முந்தி ஜாக்கி நழுவிச்சே, அத இந்தப் பொண்ணுக்குச் சொல்லவா?

— அதெதுக்கு இப்ப? வேணாம்.

— நான் வெளிய போயிட்டு வந்து கேட்டத் தொறக்கறேன் கவிஷ்னா. காடிக்கு அடியிலேருந்து இவரோட ரெண்டு காலு மட்டும் தெரியுது. கூப்பிடறேன், சத்தமில்ல. காலப் புடிச்சு ஆட்டறேன், சத்தமில்ல. நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு ஆ சோங் ஓடிவந்து காடியத் தூக்கி, அவர் லோரியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

— ஐயோ, அங்கிள்!

— பெரிசா ஒண்ணுமில்லம்மா. மயக்கம்தான். விலா எலும்பு கொஞ்சம் விரிசல் விட்டுருச்சு. மூச்சு விட்டா மட்டும் வலிக்கும், அவ்வளவுதான்.

— இவரை வார்டுல சேத்துட்டு வீட்டுக்கு வந்தேன். அது வாசல்ல சும்மா நிக்குது, ஒண்ணும் தெரியாத மாதிரி. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. ஓங்கி ஒரு உதை விட்டேன். என் கால் நகம் பேந்துருச்சு.

— நீயா? அந்தக் கதவு ஒடுங்கியிருந்தது நீ உதைச்சதாலயா? நான் ஆ சோங்கப் போட்டு அந்தத் திட்டு திட்டினேனே!

— தெரியும். நான் போய் மன்னிப்பு கேட்டு, கேக் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.

— எங்கிட்ட ஏன் மணி சொல்லல?

— சொல்லியிருந்தா கதவக் கழட்டியிருப்பீங்க.

— ம்... எழுதும்மா.

— அங்கிள்?

— எழுதும்மா, ஏழு வருஷம். இவ ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டா. காடிய உதைச்சிருக்கா, எனக்குத் தெரியாமப் போச்சு. எழுது, எழுது. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். கழட்டத்தான் மாட்டேன், ஓட்டறது நான்தான். மணி, காடி வந்த உடனே போர்ட்டிக்சன் போலாம். பக்கத்துல ஜம்முனு உக்காந்து கடலப் பாத்துக்கிட்டு வா நீ.

— தேங்க்யூ அங்கிள்! இந்த மாசம் நான் விக்கற மொதல் வாரண்டி இது. காடி ஆன்ட்டி பேருலதானே வருது? அப்ப ஓட்டறவங்க லைசென்ஸ மட்டும் காட்டிட்டா போதும்.

— இந்தா... எங்க வச்சேன்? சட்டைப் பையில இல்லையே. மணி, உன் பையில கிடக்குதா பாரு.

— இந்தாம்மா.

— ஆன்ட்டி, இதுல உங்க படம்ல இருக்கு?

— ஆமாம்மா. முடி கொஞ்சம் கலைஞ்சிருக்கு, அன்னிக்குக் காத்து.

— அது உன் அடையாளக் கார்டு மணி. பொண்ணு லைசென்ஸ் கேக்குது.

— லைசென்ஸ்தான் அங்கிள். புத்தம் புதுசு. ஆன்ட்டி, புதுசா ஓட்டறவங்க பி ஸ்டிக்கர் ஒட்டணுமே, நானே ஒட்டித் தரவா?

— முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நல்லா பெரிசா ஒட்டு.

— இரு, இரு. உனக்கு ஓட்டத் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கத்துக்குடுத்திருப்பேனே!

— அந்தப் பயத்துலதாங்க கேக்கல.

— சும்மா சொல்லாத. எப்பக் கத்துக்கிட்டே? மத்த நாளெல்லாம் கடை. ஞாயித்துக்கிழமை ஆனா கோயில்ல தேவாரம் வகுப்புன்னு போயிருவே.

— தேவாரம் டீச்சர் ஜொகூருக்கு மாத்தலாகிப் போய் ரொம்ப நாளாச்சுங்க. நீங்க நம்ம காடிக்கு அடியில படுத்திருந்த ஞாயித்துக்கிழமையெல்லாம், நான் டிரைவிங் ஸ்கூல் காடிக்குள்ள உக்காந்திருந்தேன்.